காப்பிக் கடையைப் பெட்டிக்குள் அடக்கியவர்

காரைக்குடியில் ஓர் ஆச்சி சிங்கப்பூருக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் வீட்டில் 3 மாதம் தங்கப் போகிறார்.

பெட்டி கட்டுகிறார்கள். சீடை, முறுக்கு, வற்றல், மிளகாய்ப்பொடி எல்லாம் உள்ளே போய்விட்டன. கடைசியில் ஒரு கேள்வி வருகிறது. காப்பிக்கு என்ன செய்வது?

அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். பித்தளை பில்டர்! நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிய காலத்தில், கடல் கடந்து போனவர்களுக்கு வீட்டுச் சாமான்தான் துணை. அங்கே போய் இறங்கினால் கிட்டங்கியில் நம் ஊர்ச் சமையல்காரர் இருப்பார். நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். ரஜூலா கப்பலும் 1973-ல் ஓய்ந்துபோயிற்று. இன்று விமானத்தில் ஏறினால் 4 மணி நேரத்தில் சிங்கப்பூர்.

இப்போது கடைக்குப் போனால் தலை சுற்றுகிறது. கையால் அமுக்கிக் காப்பி இறக்கும் குழாய் இருக்கிறது. மின்சாரத்தில் ஓடும் குட்டி இயந்திரம் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் ஒன்று, எவர்சில்வரில் ஒன்று. எல்லாவற்றின் மேலும் எஸ்பிரசோ என்று எழுதியிருக்கிறது.

எஸ்பிரசோ என்பது இத்தாலி நாட்டுக் காப்பி. கொதிநிலையை நெருங்கிய தண்ணீரை அழுத்தத்தோடு காப்பித்தூளுக்குள் செலுத்திச் சில விநாடிகளில் இறக்குகிற கெட்டிச் சாறு. நம் டிக்காக்ஷனுக்கு அது ஒன்றுவிட்ட தம்பி முறை!

கடையில் அடுக்கி வைத்திருக்கும் அந்தச் சாமான்களின் நடுவே எட்டுப் பட்டையோடு ஒரு சின்ன அலுமினியப் பாத்திரம் நிற்கும். இடுப்பு சிறுத்து, மூக்கு நீண்டு, கறுப்புக் கைப்பிடியோடு இருக்கும். அதன் பெயர் மோக்கா. ஆள் உயரத்துக்கு நின்ற ஓட்டல் இயந்திரத்தின் வேலையை வீட்டு அடுப்புக்குக் கொண்டுவந்த பாத்திரம் அது.

அதைச் செய்தவர் பெயர் அல்போன்சோ பியாலெட்டி. படித்துப் பட்டம் பெற்ற விஞ்ஞானி அல்ல. உலோகம் உருக்கி வார்க்கும் பட்டறைக்காரர்.

மலையடிவாரத்து ஊர்

இத்தாலி நாட்டின் வடக்கே ஆல்ப்ஸ் மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் ஓர்ட்டா என்று ஓர் ஏரி. ஏரியின் வடகோடியில் ஒமேன்யா என்ற சிற்றூர். அதற்குப் பக்கத்தில் காசாலே கோர்த்தே செர்ரோ என்ற மலைக்கிராமம். அங்கேதான் 1888-ம் ஆண்டில் பியாலெட்டி பிறந்தார்.

செட்டிநாட்டார் இந்த ஊரை எளிதில் புரிந்துகொள்வார்கள். இங்கே வானம் பார்த்த பூமி. பிழைப்புக்காக ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனார்கள். அங்கே மலை. அந்த ஊர் இளைஞர்களும் பிழைப்புத் தேடி எல்லை தாண்டினார்கள். இங்கே போனவர்கள் பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டுவந்து வீடு கட்டினார்கள். பியாலெட்டி பிரான்சு நாட்டுக்குப் போனார். அவர் கொண்டுவந்தது கைத்தொழில்.

உருகிய உலோகம்

பிரான்சில் அலுமினியத் தொழில் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. பியாலெட்டி அந்தத் தொழிலில் சேர்ந்தார். சுமார் 10 ஆண்டுகள் வேலை பார்த்தார்.

அலுமினியம் இன்று நமக்குச் சாதாரணம். குருவிக்கூடு மாதிரியான வீட்டில்கூட ஓர் அலுமினியச் சட்டி இருக்கும். ஆனால் அன்று அது புதிய உலோகம். கனம் இல்லை. துருப்பிடிக்காது. சூடு சீக்கிரம் பரவும். பித்தளையைவிடக் குறைந்த சூட்டில் உருகும்.

நம் ஊரில் பித்தளை வார்ப்பவர்கள் மண்ணால் அச்சுச் செய்வார்கள். ஒரு பாத்திரம் வார்த்ததும் அச்சை உடைக்க வேண்டும். பியாலெட்டி கற்றுக்கொண்டது வேறு முறை. அச்சே இரும்பால் ஆனது. உருகிய அலுமினியத்தை ஊற்றுவார்கள். ஆறியதும் அச்சைத் திறந்து பாத்திரத்தை எடுப்பார்கள். அச்சு அப்படியே இருக்கும். மறுபடி ஊற்றலாம். ஒரே அச்சில் ஆயிரம் பாத்திரம் வார்க்கலாம். ஒன்றுபோல இன்னொன்று இருக்கும்.

முதல் உலகப்போர் 1918-ல் முடிந்தது. பியாலெட்டி ஊர் திரும்பினார். மறு ஆண்டு ஒமேன்யாவை ஒட்டிய கிருசினல்லோவில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். அப்போது வயது 31.

அது பட்டறைகள் நிறைந்த ஊர். நம் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பதுபோல, அங்கே வீட்டுக்கு வீடு பாத்திரத் தொழில். லகோஸ்தினா என்ற கம்பெனி 1901-ல் அங்கே தொடங்கியது. அலெஸ்ஸி என்ற கம்பெனி 1921-ல் வந்தது. இந்தக் கூட்டத்தில் பியாலெட்டியும் ஒருவர். அலுமினியச் சாமான்களை வார்த்து விற்றுக்கொண்டிருந்தார். அடுத்த 14 ஆண்டுகளில் அவரைப்பற்றி ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

ராட்சத இயந்திரம்

இனி காப்பிக்கு வருவோம்.

டூரின் நகரத்தில் ஏஞ்செலோ மோரியோண்டோ என்பவர் 1884-ல் நீராவியால் காப்பி இறக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்து பதிவு செய்தார். மிலான் நகரத்து லூயிஜி பெட்சேரா 1901-ல் அதைவிட நல்லதாக ஒன்று செய்தார். ஆளுக்கு ஒரு கோப்பை, கேட்டதும் உடனே! அந்த உரிமையை தெசிதேரியோ பவோனி என்பவர் வாங்கி, இயந்திரங்களைச் செய்து விற்கத் தொடங்கினார்.

அந்த இயந்திரங்களைப் படத்தில் பார்த்தாலே பயமாக இருக்கும். நெட்டுக்குத்தாக ஒரு கொதிகலன். உச்சியில் கும்பம்போல ஓர் அலங்காரம். சுற்றிலும் குழாய்களும் திருகுகளும். மேஜைமேல் நிறுத்தினால் ஆள் தலைக்கு மேலே நிற்கும். ஓட்டல் முதலாளியால்தான் வாங்க முடியும். இயக்குவதற்குப் பழகிய ஆள் வேண்டும்.

ஆகவே நல்ல காப்பி வேண்டுமானால் கடைக்குத்தான் போக வேண்டும். கடையில் பெரும்பாலும் ஆண்கள் கூட்டம். வீட்டுப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? நேப்பிள்ஸ் பாத்திரம் என்று ஒன்று இருந்தது. அடியில் தண்ணீர், நடுவில் தூள், தலைகீழாக மேலே ஒரு குவளை. தண்ணீர் கொதித்ததும் அடுப்பிலிருந்து எடுத்து முழுவதையும் கவிழ்த்துவிட வேண்டும். வெந்நீர் தன் கனத்தால் தூளுக்குள் மெல்ல இறங்கும். நம் பில்டர் மாதிரியேதான். காப்பி நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சொட்டுச் சொட்டாக இறங்கும். காத்திருக்க வேண்டும். கவிழ்க்கும்போது கை தவறினால் வெந்நீர் மேலே கொட்டும்!

வெள்ளாவிப் பானை

பியாலெட்டிக்கு யோசனை எங்கே பிறந்தது தெரியுமா? துணி வெளுக்கும் பானையில்! ஊரில் வழிவழியாகச் சொல்லும் கதை இது.

நம் ஊரில் சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைப்பார்கள். பானையில் தண்ணீர் கொதிக்கும். உவர்மண்ணில் தோய்த்த துணியை மேலே அடுக்குவார்கள். ஆவி ஏறி அழுக்கு இளகும். காரைக்குடிப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் அந்த வாசனைகூட நினைவில் இருக்கும்.

பிரான்சிலும் வட இத்தாலியிலும் அதற்கு ஒரு தகரப்பானை இருந்தது. நடுவில் ஒரு குழாய் செங்குத்தாக நிற்கும். அடியில் சவுக்காரத் தண்ணீர். அது கொதித்ததும் ஆவி அழுத்தும். அழுத்தம் தாங்காமல் தண்ணீர் குழாய் வழியே மேலே ஏறும். உச்சியில் இருந்து பூவாகத் துணிமேல் கொட்டும். மறுபடி கீழே இறங்கும். மறுபடி ஏறும்.

வீட்டுப் பெண்கள் இப்படித் துணி வெளுப்பதைப் பியாலெட்டி பார்த்தார். சவுக்காரத் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீர். துணிக்குப் பதில் காப்பித்தூள். கீழே இருந்து மேலே ஏறும் தண்ணீர் வழியில் தூளைக் கடந்து போனால் என்ன?

நினைத்தது சுலபம். செய்வது சுலபமாக இல்லை. ஆவி ஒழுகாமல் இரண்டு பாகமும் இறுக வேண்டும். அழுத்தம் மிஞ்சினால் பாத்திரம் வெடிக்காமல் இருக்க வேண்டும். விலையோ சாதாரணக் குடும்பம் வாங்குகிற அளவில் இருக்க வேண்டும். இந்த அமைப்பை வகுத்ததில் லூயிஜி தி பொன்டி என்ற இன்னொருவருக்கும் பங்கு உண்டு என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். எப்படியானாலும் இரும்பு அச்சில் அதை வார்த்துச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் பியாலெட்டிதான். ஆண்டு 1933.

அந்தப் பாத்திரத்தில் மூன்றே பாகங்கள்.

அடிப்பாகம் தண்ணீருக்கு. அதன் பக்கவாட்டில் பித்தளையில் ஒரு சிறு அடைப்பு இருக்கும். அழுத்தம் மிஞ்சினால் அதன் வழியே ஆவி வெளியேறிவிடும். நம் பிரஷர் குக்கரில் இருக்கும் வால்வு மாதிரி.

நடுவில் ஒரு புனல். அதன் வாயில் சல்லடை. அதில்தான் தூள் போட வேண்டும். புனலின் கால் தண்ணீருக்குள் மூழ்கி நிற்கும்.

மேலே கூஜா மாதிரி ஒரு குவளை. அதன் நடுவில் ஒரு குழாய். எல்லாவற்றையும் திருகி மூடி அடுப்பில் வைத்தால் 4 அல்லது 5 நிமிடம். அடியில் ஆவி சேர்ந்து தண்ணீரை அமுக்கும். தண்ணீர் புனல் வழியே ஏறித் தூளைக் கடந்து மேலே வந்து காப்பியாகக் கொட்டும். குடுகுடு என்று ஒரு சத்தம் கேட்கும். அப்போது அடுப்பை அணைத்துவிட வேண்டும். அந்தச் சத்தத்துக்காக இத்தாலிய வீடுகளில் காலையில் காத்திருப்பார்கள்.

எட்டுப் பட்டை எதற்கு? அழகுக்கு என்று நினைப்போம். ஈரக்கையால் பிடித்துத் திருகும்போதுதான் அதன் அருமை தெரியும். கை வழுக்காது. கைப்பிடி பேக்கலைட்டு என்னும் பொருளால் ஆனது. சூடு ஏறாது.

பெயர் மோக்கா எக்ஸ்பிரஸ் என்று வைத்தார். மோக்கா என்பது ஏமன் நாட்டுத் துறைமுகம். ஒரு காலத்தில் உலகத்துக்கெல்லாம் காப்பிக்கொட்டை அங்கிருந்துதான் கப்பல் ஏறியது. பாபா புதன் என்ற பெரியவர் ஏமனில் இருந்துதான் சில கொட்டைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் நட்டார் என்று நம் நாட்டில் சொல்வார்கள். நம் காப்பிக்கும் அவர்கள் பாத்திரத்துக்கும் ஊர்ப்பெயரில் ஓர் உறவு இருக்கிறது!

சந்தையில் கடை

சாமான் நல்ல சாமான். விற்கத்தான் தெரியவில்லை!

பியாலெட்டி பட்டறை ஆள். பேச்சு வியாபாரம் அவருக்கு வராது. சுற்றுவட்டாரத்து வாரச்சந்தைகளுக்கு மோக்காவை எடுத்துப் போவார். கடை பரப்புவார். வந்தவர்கள் வாங்குவார்கள். நம் காரைக்குடிச் சந்தையில் சட்டி பானை விற்பதுபோலத்தான்.

இப்படி 1934 முதல் 1940 வரை சுமார் 70,000 பாத்திரங்கள் விற்றன. ஒரு நாளைக்கு 30 என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பட்டறைக்கு அது மோசம் இல்லை. ஆனால் பீட்மான்ட் மாகாணத்தைத் தாண்டி அதன் பெயர் போகவில்லை. டூரினிலும் மிலானிலும் ராட்சத இயந்திரங்கள் ஓடிக்கொண்டே இருந்தன.

காலமும் கெட்டுப்போயிற்று. முசோலினி 1935-ல் அபிசீனியாமீது படையெடுத்தார். சர்வதேச சங்கம் இத்தாலிக்கு வியாபாரத் தடை விதித்தது. வெளிநாட்டுச் சரக்குக்குக் கஷ்டம் வந்தது. காப்பிக்கொட்டை கிடைப்பது அரிதாயிற்று. பார்லியையும் சிக்கரியையும் வறுத்துக் காப்பி என்று குடித்தார்கள். பிறகு இரண்டாவது உலகப்போர். காப்பியே இல்லாத நாட்டில் காப்பிப் பாத்திரத்தை யார் வாங்குவார்கள்? மோக்கா உற்பத்தி நின்றது.

மகன் ரெனாட்டோவும் ஊரில் இல்லை. ஜெர்மனியில் கைதிகள் முகாமில் அடைபட்டுக் கிடந்தார். கையில் இருந்த ஒரே நல்ல சரக்கு தூங்கியது. பியாலெட்டிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்த ஆண்டுகள் அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று மகனை வெளிநாட்டில் விட்டுவிட்டுக் காத்திருந்த செட்டிநாட்டுக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது எத்தனையோ வீடுகளில் அதே கதைதான்.

மீசைக்காரர்

ரெனாட்டோ 1946-ல் வீடு திரும்பினார். இருபதை ஒட்டிய வயது. பட்டறைப் பொறுப்பை ஏற்றார்.

தகப்பனாருக்கு வராதது மகனுக்கு வந்தது. மற்றச் சாமான்களை ஒதுக்கிவிட்டு மோக்கா ஒன்றையே பிடித்துக்கொண்டார். மிலான் நகரத்தில் ஆண்டுதோறும் பெரிய பொருட்காட்சி நடக்கும். அந்த நாட்களில் நகரத்துச் சுவர்களில் எல்லாம் மோக்கா விளம்பரம். பொருட்காட்சியில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு ராட்சத மோக்காவைச் செய்து நிறுத்தினார்.

பவுல் கம்பானி என்ற சித்திரக்காரர் 1950-களில் ஒரு பொம்மை வரைந்து கொடுத்தார். குட்டையான ஆள். பெரிய மீசை. ஒரு விரலை உயர்த்திக் காப்பி கேட்கிற பாவனை. அது ரெனாட்டோவின் சாயல் என்று சொல்வார்கள். டெலிவிஷன் இத்தாலிக்கு வந்ததும் இந்த மீசைக்காரர் அதிலும் தோன்றினார். குழந்தைகளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மோக்காப் பாத்திரத்தின் மேல் அந்தப் பொம்மை ஏறியது. இன்றும் இருக்கிறது.

கடைக் காப்பியை வீட்டிலேயே குடிக்கலாம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். கோடிக்கணக்கில் விற்றது. இத்தாலியில் மோக்கா இல்லாத வீடே அபூர்வம் என்ற நிலை வந்தது. நியூயார்க்கில் உள்ள நவீன கலைக்காட்சிசாலை, நல்ல வடிவத்துக்கு உதாரணமாக மோக்காவைத் தன் சேகரிப்பில் வைத்திருக்கிறது.

இவ்வளவிலும் பாத்திரத்தின் வடிவம் மாறவில்லை. தகப்பனார் 1933-ல் வார்த்தது எப்படியோ ஏறக்குறைய அப்படியேதான். மீசைக்காரரை உலகத்துக்குத் தெரியும். பட்டறைக்காரரின் முகம் பலருக்குத் தெரியாது. எனக்கு என்னவோ இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அசல் எஸ்பிரசோவா?

இல்லை. இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அக்கீல் கஜ்ஜியா என்ற மிலான்காரர் 1938-ல் புதிய முறை ஒன்றைப் பதிவு செய்தார். போர் முடிந்த பிறகு 1948 வாக்கில் அவருடைய கைப்பிடி இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. வில்சுருளும் உந்துதண்டும் சேர்ந்து தண்ணீரைத் தூளுக்குள் மிகுந்த அழுத்தத்தோடு தள்ளும். காப்பிமேல் பொன்னிற நுரை படியும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தை 1 என்று வைத்தால், அந்த இயந்திரத்தின் அழுத்தம் 9 மடங்கு. மோக்காவில் ஆவி தருவது ஒன்று அல்லது ஒன்றரை மடங்குதான். ஆகவே மோக்காக் காப்பியில் அந்தப் பொன்னிற நுரை வராது. காப்பி கெட்டியாக இருக்கும். பில்டர் டிக்காக்ஷனுக்கும் கடை எஸ்பிரசோவுக்கும் நடுவில் நிற்கும்.

நமக்கு அதுவே வசதி! நாம் வெறும் காப்பி குடிக்கிறவர்களா? சுண்டக் காய்ச்சிய பாலை ஊற்றி, ஆற்றி, டபராவில் வைத்துக் குடிக்கிறவர்கள். அதற்கு மோக்காச் சாறு நன்றாகவே ஒத்துப்போகிறது.

எதை எடுத்துப் போவது?

ஆச்சியின் பெட்டிக்குத் திரும்புவோம். போகிற இடத்தில் அடுப்பு இருக்கிறதா? அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

அடுப்பு இருந்தால் மோக்கா போதும். ஆனால் எந்த அடுப்பு? வெளியூர் வீடுகளில் இப்போது தீ இல்லாத காந்த அடுப்பு வந்துவிட்டது. அலுமினிய மோக்கா அதில் சூடேறாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும்! அப்படிப்பட்ட வீட்டுக்குப் போகிறவர்கள் காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் உள்ளதை வாங்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் போங்கள். பாத்திரத்தின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வாங்கலாம். கடைக்காரர் முகத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

அளவும் முக்கியம். ஒரு கோப்பை, மூன்று கோப்பை, ஆறு கோப்பை என்று விற்பார்கள். இத்தாலிக் கோப்பை நம் கோப்பை அல்ல. சுமார் 50 மில்லி. கஷாயம் குடிக்கும் அளவு! பால் கலந்தால் ஒருவருக்கு ஒரு கோப்பைப் பாத்திரம் சரியாக இருக்கும். இரண்டு பேர் என்றால் மூன்று கோப்பைப் பாத்திரம். மோக்காவை எப்போதும் நிறைத்துத்தான் காய்ச்ச வேண்டும். பாதித் தூள் போட்டு ஒப்பேற்ற முடியாது. ஆகவே பெரிதாக வாங்கிவிட்டால் சிறிதாகப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள்.

தூளைச் சல்லடையில் போட்டுத் தட்டி நிரவினால் போதும். அமுக்கக் கூடாது. பில்டரில் தூளை அமுக்கிப் பழகிய கை சும்மா இருக்காது. நானும் முதல் நாள் நன்றாக அமுக்கி வைத்தேன். சிக்கரி கலந்த நைசான தூள் வேறு. மேலே காப்பி வரவில்லை. பக்கத்து அடைப்பு வழியே ஆவி சீறிக்கொண்டு வந்தது. நல்லவேளை, பியாலெட்டி அந்த அடைப்பை வைத்தாரே! தூளைக் கொஞ்சம் பருபருவென்று அரைத்து வாங்குங்கள். தண்ணீர் அந்த அடைப்புக்குக் கீழேயே நிற்கட்டும்.

துலக்குவதில் ஒரு எச்சரிக்கை. பித்தளைப் பழக்கத்தில் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். வெறும் வெந்நீரில் அலசி, துடைத்து, பாகங்களைத் தனித்தனியாகக் காயவிட்டால் போதும். பாத்திரம் புதிதாக வந்ததும் முதல் இரண்டு மூன்று தடவை காய்ச்சியதைக் கொட்டிவிட வேண்டும். நடுவில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது நாளடைவில் தேயும். வாங்கும்போதே உபரியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்விட்டு ஊர் போனால் அது கிடைப்பது கஷ்டம்.

அடுப்பே இல்லாத இடம் என்றால்? விடியற்காலைப் பல்லவன் ரெயிலில் சென்னைக்குப் போகிறீர்கள். ரெயிலில் அடுப்பு பற்றவைப்பது குற்றம். விமானத்தில் கியாஸ் குப்பியை எந்தப் பெட்டியிலும் வைக்க விடமாட்டார்கள். இங்கே மோக்காவால் பயன் இல்லை. கையால் அமுக்குகிற கருவிதான் உதவும். பிளாஸ்கில் கொதிநீர் வேண்டும். தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றிக் கையால் அமுக்கினால் சாறு இறங்கும். இவற்றில் சில நல்ல அழுத்தம் தந்து பொன்னிற நுரையைக்கூட வரவழைக்கும். ஆனால் ஒரு தடவைக்கு ஒரு சிறு கோப்பைதான். குடும்பமே காப்பி கேட்டால் கை வலிக்கும்! முழங்கை வலி உள்ள பெரியவர்களுக்கு இது வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் ஆலன் ஆட்லர் செய்த ஏரோபிரஸ் என்ற பிளாஸ்டிக் குழாயும் இந்த இனம்தான். அதில் அழுத்தம் குறைவு, அமுக்குவது சுலபம். கீழே விழுந்தாலும் உடைவது அபூர்வம்.

மின்சாரக் கருவி வாங்குகிறவர்கள் போகிற நாட்டு மின்சாரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் நம் ஊர் அளவுதான், 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. நம் கருவி அங்கே சரியாகச் சூடேறாது.

காசிக்குப் போய் நகரத்தார் சத்திரத்தில் தங்குகிறவர்களுக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்களுக்கும் என்ன சொல்வது? அங்கே கூட்டத்தோடு கூட்டமாகக் காப்பி கிடைக்கும். தனியாக ஒரு சொட்டு வேண்டுமென்றால் பழைய பில்டரே உத்தமம். இரவில் வெந்நீர் ஊற்றிவைத்தால் விடியும்போது டிக்காக்ஷன் தயார். அதற்குத் திருகு இல்லை, ரப்பர் இல்லை, அடைப்பு இல்லை. சிங்கப்பூர் ஆச்சிக்கு மோக்கா. நடந்து போகிறவருக்குப் பில்டர். இது என் கணக்கு.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. பீங்கான் பூசிய வெளிநாட்டுத் தூக்குகளும் பித்தளைக் கூஜாக்களும் அங்கே அடுக்கிக் கிடக்கும். கப்பலில் போய் வந்த சாமான்கள். விலை கேட்டால்தான் தூக்கிவாரிப் போடும்.

கடைசி நாட்கள்

பியாலெட்டி நீண்ட காலம் வாழ்ந்தார். வாரச்சந்தையில் தரையில் பரப்பி விற்ற பாத்திரம் பெரிய ஆலையில் உற்பத்தியாவதையும், நாடு முழுவதும் பரவுவதையும் கண்ணால் பார்த்தார். 1970-ம் ஆண்டில் எண்பதைத் தாண்டிய வயதில் காலமானார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன் ஆல்பர்ட்டோ அலெஸ்ஸி. பக்கத்துப் பட்டறையான அந்த அலெஸ்ஸி குடும்பத்துப் பிள்ளைதான். அவரும் பாத்திரத் தொழிலில் பெயர் பெற்றார். பெரிய பெரிய கட்டடக் கலைஞர்களை அழைத்துக் காப்பிப் பாத்திரங்களுக்கு வடிவம் வகுக்கச் செய்தார்.

பியாலெட்டி கம்பெனி பிற்காலத்தில் குடும்பத்தின் கையைவிட்டுப் போயிற்று. ஒமேன்யாவில் இருந்த ஆலை 2010-ல் மூடப்பட்டது.

மகன் ரெனாட்டோ 2016-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 93-வது வயதில் இறந்தார். அவருடைய சாம்பலை வைப்பதற்குப் பிள்ளைகள் ஒரு கலசம் செய்வித்தார்கள். எட்டுப் பட்டை, நீண்ட மூக்கு, கறுப்புக் கைப்பிடி. மேலே அந்த மீசைக்காரரின் படம். பெரியதொரு மோக்காப் பாத்திரம்! தகப்பனார் பிறந்த ஊர்ப்பக்கத்துக் கோவிலில் அதைப் பூக்களுக்கு நடுவே வைத்தார்கள். பாதிரியார் அதன் முன்னே நின்று பிரார்த்தனை செய்து, புனித நீர் தெளித்தார்.